ஆறரை மணிக்குச் சட்டம் பேசினோம்

திருமணம் முடிந்து இருபத்து நான்காம் நாள் என் மனைவி பிரான்சுக்குத் திரும்பிப் போனாள். நான் காரைக்காலில் இருந்தேன். விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, ஆறு மாதத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். யார் அந்த எல்லோரும் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

அவள் சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா வழியில் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நான் கிளிஞ்சல்மேட்டுக்காரன். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனார்கள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் விசைப்படகு இஞ்சின் மெக்கானிக் ஆனேன். அவள் விடுமுறைக்கு வந்திருந்த சமயம் அவர்கள் வீட்டு ஜெனரேட்டரைப் பழுது பார்க்கப் போய்த்தான் பழக்கம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தைத்தான் வாழ்க்கையிலேயே கஷ்டமான காலம் என்று அப்போது நினைத்திருந்தோம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. அவள் காலை வேலை முடித்து அறைக்கு வரும்போது இங்கே மாலை ஆறரை. குளிர்காலத்தில் அது ஏழரை ஆகிவிடும். அங்கே அரசாங்கமே வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றி வைக்கும் என்பது அந்த நாட்டுச் சட்டத்தில் நான் கற்ற முதல் பாடம். கையில் இருக்கும் கிரீசை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு மாடி ஏறுவேன். அப்படியும் மூன்றாம் எண் கணினியின் கீபோர்டு எழுத்துகள் என்னால்தான் கறுத்தன என்று கடைக்காரர் சொல்வார்.

அவருக்கும் சட்டம் மாறிக்கொண்டே இருந்தது.

"அடையாள அட்டை காட்டுங்க."

"நேத்துதானங்க காட்டுனேன்."

"நேத்து பார்த்தா போதும்னாங்க. இன்னைக்கு ஜெராக்ஸ் வாங்கி வைக்கணுமாம். எனக்கு உங்களைத் தெரியுங்க, ரூலுக்குத் தெரியாதுல்ல."

அடுத்த மாதம் ஜெராக்ஸ் வேண்டாம், நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அதற்கடுத்த மாதம் மறுபடியும் ஜெராக்ஸ். ஒரு கட்டத்தில் பத்து ஜெராக்ஸ் எடுத்துப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் நாங்கள் பேசியது புதுக் கணவன் மனைவி பேசுவதுதான். சாப்பிட்டீங்களா, என்ன குழம்பு, அங்கே மழையா, அறையில் கூட இருக்கும் பெண் குறட்டை விடுகிறாளா. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். எனக்கு ஒற்றை விரல். ஒரு வரி நான் அடித்து முடிப்பதற்குள் அவள் நான்கு வரி அனுப்பிவிடுவாள். பதில் எப்போதும் இரண்டு கேள்விக்கு முந்தைய கேள்விக்குத்தான் போகும். அதில் நிறையச் சிரித்திருக்கிறோம்.

பிறகு ஒரு நாள் அவள் எழுதினாள், அங்கே செய்தியில் சொல்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்வதை இறுக்கப் போகிறார்கள் என்று. அன்றிலிருந்து பேச்சு மாறியது. மறுநாள் நான் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

எங்களைப் போலக் காத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு சாட் அறை இருந்தது. புதுச்சேரி, காரைக்கால், வில்லியனூர் என்று நம் பக்கத்து ஆட்களும், அங்கே இருக்கும் அவர்கள் கணவன்மாரும் மனைவிமாரும் வருவார்கள். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில் நான் அதில் போய் உட்காரத் தொடங்கினேன். கிரிக்கெட், சினிமா, அங்கே ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம், இங்கே பெட்ரோல் விலை, எல்லாம் ஓடும். சுற்றிச் சுற்றி விசாவில் வந்து நிற்கும். ஒருவர் புதுச் சட்டம் வந்துவிட்டது என்பார். இன்னொருவர் வரவில்லை, ஓட்டெடுப்பே நடக்கவில்லை என்பார். மூன்றாமவர் தன் மச்சானுக்கு ஒன்பது நாளில் விசா கிடைத்த கதையைச் சொல்வார். அந்த ஒன்பது நாள் மச்சானை நான் மனதார வெறுத்தேன்.

அந்த அறையில் எல்லோரும் மதிக்கும் ஆள் ஒருவர் இருந்தார். லியோன் நகரத்தில் இருப்பதாகச் சொன்னார். அதனால் லியோன்காரர் என்போம். எந்தச் சந்தேகம் கேட்டாலும் சட்டத்தின் பிரிவு எண்ணோடு பதில் வரும். சலிக்காமல் சொல்வார். என்னைத் தம்பி என்பார். என் மனைவி நாளெல்லாம் வயதானவர்களைக் குளிப்பாட்டிவிட்டு, சோறு ஊட்டிவிட்டு, வந்து பாதித் தூக்கத்தில் செய்தி பார்த்து எனக்குச் சொல்பவள். இவரோ பிரிவு எண் சொல்கிறார். நான் யாரை நம்பியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

ஊரில் வேறு தொல்லை. துறைமுகத்தில் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன், மேலிருந்து குரல் வரும், "இன்னும் போவலையா நீ?" சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அக்காவுடையது. மீன் விற்றுவிட்டு வந்ததும் அவளும் கேட்பாள். முதலில் "எப்படா போற" என்றவள், பிறகு "போவியாடா" என்று கேட்கத் தொடங்கினாள்.

ஏழாம் மாதம் லியோன்காரர் என்னிடம் தனியாக எழுதினார்.

"தம்பி, இனிமே எல்லாருக்கும் பிரெஞ்சு மொழிப் பரீட்சை. பாஸ் பண்ணாதவங்க ஃபைலை நிராகரிச்சுடுவாங்க. ஒரு தடவை நிராகரிச்சா அப்புறம் ரொம்ப சிரமம். சான்றிதழ் வாங்கிக் கொடுக்கிற வரைக்கும் என் ஃபைலை நிறுத்தி வைங்கன்னு நீங்களே ஒரு கடிதம் கொடுத்துடுங்க."

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் வேகவேகமாக அடித்தாள். "அவர் யாருன்னே நமக்குத் தெரியாது. எதுக்குங்க அவசரம்? நான் இங்க விசாரிச்சுச் சொல்றேன்."

"நீ விசாரிச்சு இதுவரைக்கும் என்ன ஆச்சு?" என்று அடித்தேன். ஒற்றை விரலால் அடிப்பவனுக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்து அதை அனுப்பினேன்.

மறுநாளே கடிதத்தைப் புதுச்சேரி விசா கவுன்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். துறைமுக வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் ஒரு மேன்ஷனில் தங்கி, ஒரு வீட்டு மாடியில் நடந்த பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு முப்பத்தொரு வயது. மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். மாமனார் நகராட்சி அலுவலகத்தை மேரி என்பார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு முன்பே தெரியும். டீச்சர் 'ர' சொல்லச் சொன்னால் தொண்டையில் மீன்முள் சிக்கியவன் போல ஒரு சத்தம் வரும். பிள்ளைகள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. நான்கு மாதம் அப்படிப் போனது. பரீட்சை எழுதினேன். தேறினேன்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு விசா கவுன்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு என் ஃபைலைத் திறந்தார்.

"இது உங்களுக்குத் தேவையில்லைங்க. அந்த விதி இன்னும் நடைமுறைக்கே வரலை. வந்தாலும் உங்களுக்குப் பொருந்தாது, நீங்க விண்ணப்பத்தை முன்னாடியே கொடுத்துட்டீங்க."

"அப்போ ஏங்க இத்தனை மாசம் ஒண்ணும் வரல?"

அவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். என் கடிதம். என் கையெழுத்து. "நீங்க நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கீங்களே." குரலில் ஏளனம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம்.

காரைக்கால் வந்து இறங்கியதும் நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சாட் அறையில் எல்லோர் முன்னாலும் லியோன்காரரைக் கேட்டேன். என் வாழ்க்கையில் ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டீர்கள் என்று எழுதினேன். இன்னும் சில வார்த்தைகளும் எழுதினேன், அவை துறைமுகத்து வார்த்தைகள். "செய்தியில் படித்ததைத்தான் சொன்னேன் தம்பி" என்றார். மற்றவர்கள் அவர் பக்கம் பேசினார்கள். அவர் எத்தனை பேருக்கு உதவியிருக்கிறார் தெரியுமா, உங்களுக்கு அறிவு எங்கே போயிற்று என்று வில்லியனூர்ப் பெண் ஒருத்தி கேட்டாள். கேள்வி சரிதான்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. அவருக்கே அங்கே தங்கியிருக்கப் பேப்பர் இல்லை. பதினோரு வருடமாக இல்லை. ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். மனைவியும் மகளும் பண்ருட்டிப் பக்கத்தில் இருக்கிறார்கள். மகள் பிறந்தபோது பார்த்ததோடு சரி. தனக்கு எங்கேயாவது ஒரு பிரிவு இருக்காதா என்று தினமும் எல்லாச் சட்டமும் படிப்பாராம். "உங்களுக்காவது சீக்கிரம் நடக்கணும்னு நெனச்சுத்தான் தம்பி சொன்னேன். மன்னிச்சுடுங்க." அன்று எனக்கு இருந்த எரிச்சலில் நான் பதில் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து எழுதினேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று வந்தது.

அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். இல்லை. ஃபைலை மறுபடி எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தாயிற்று. இனி சும்மா இருப்பதுதான் வேலை. சும்மா இருக்கத் தெரியவில்லை. அவளை இன்னும் அதிகமாக நச்சரித்தேன். அந்தப் பத்திரிகையில் என்ன, தொலைக்காட்சியில் என்ன, கூட வேலை பார்க்கும் மொராக்கோக்காரியின் கணவனுக்கு என்ன ஆயிற்று. அவளும் பொறுமையாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் மூன்றாவது கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது திரையில் இரண்டு சொல் வந்தது. வழி இருக்கு. நான் அப்படித்தான் படித்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"என்ன வழி? யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. பத்து நாளா இருக்கு. இன்னைக்கு ரொம்ப."

"பத்து நாளா இருக்குன்னா ஏன் சொல்லலை? எந்தச் சட்டம்? ஃபார்ம் எங்க கிடைக்கும்?"

அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் நாங்கள் அடிக்கும்போது வழியும் வலியும் ஒரே vali தான் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நெட் போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

மறுநாள் காலையில் போனில் கூப்பிட்டேன்.

"முதுகு வலிங்க," என்றாள். "ஒரு அம்மாவைக் கட்டில்லேர்ந்து தூக்கும்போது புடிச்சுக்கிச்சு. பத்து நாளா வேலைக்குப் போவலை."

"தினமும் சாட்டுக்கு வந்தியே."

"படுத்துகிட்டே அடிச்சேன்."

"சொல்லியிருக்கலாமே."

"எங்கங்க சொல்றது? வந்து உக்காந்ததும் இன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு கேக்குறீங்க. நான் உங்களுக்குச் செய்தி வாசிக்கிறவளா ஆயிட்டேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு நானும் கேக்கறதில்ல. சாப்பிட்டீங்களான்னு கேட்டு எத்தனை நாள் ஆச்சுன்னு எனக்கே தெரியலை."

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீன்கூடையை இறக்கி வைத்த அக்கா பார்த்தாள்.

"என்னடா, என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"அவளை வரச் சொல்லேன்," என்றாள் அக்கா. "நீ போவ முடியலைன்னா அவ வரலாம்ல? அதை எந்தச் சட்டம் தடுக்குது?"

எதுவும் தடுக்கவில்லை. இங்கே வந்துபோவதற்கான அட்டை அவளிடம் இருந்தது. கல்யாணத்துக்கே இருந்த விடுப்பையெல்லாம் எடுத்துவிட்டதாக அவள் முதலில் என்னிடம் சொன்னது உண்மை. அதன் பிறகு ஒரு வருடம் ஓடி அடுத்த விடுப்பு சேர்ந்திருந்தது. நான் ஒரு தடவை கூட அதைக் கேட்கவில்லை. யார் யார் அந்த நாட்டுக்குள் போகலாம் என்று அத்தனை விதியும் மனப்பாடம். என் மனைவி வீட்டுக்கு வரலாம் என்பது தோன்றவில்லை.

வந்தாள். சென்னை விமான நிலையத்தில் அவள் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததும் பெட்டியை வாங்குவதா, அவளைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். முதல் வாரம் என்னைவிட அக்காவிடம்தான் அதிகம் பேசினாள். காரைக்காலில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். எதையும் தூக்கக் கூடாது என்றார். மெல்ல மெல்லப் பேச்சு திரும்பி வந்தது. எதிரில் உட்கார்ந்து பேசினால் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடுகிறது. அதற்கு இருவருக்குமே பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அவள் இருந்த ஆறு வாரத்தில் விசா அலுவலகத்திலிருந்து இன்னொரு தாள் வந்தது. என் பிறப்புச் சான்றிதழ் பழையதாகிவிட்டதாம், புதிதாக எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். பழையது சுனாமியில் போய், மறுபடி எடுத்ததே கல்யாணத்தின்போதுதான். பிறந்த தேதி எப்படிப் பழையதாகும் என்று நகராட்சி அலுவலகத்துக் குமாஸ்தாவிடம் கேட்டேன். "அவங்க கேக்குறாங்க, நாங்க அடிச்சுத் தர்றோம்," என்றார். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அவள் திரும்புவதற்கு எட்டு நாள் முன்னால், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போன் வந்தது. இருவரும் புதுச்சேரி போனோம். பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்தில் விசா ஒட்டியிருந்தது. அவ்வளவுதான். கவுன்டர் பெண் புன்னகைத்தார். நானும் ஏதோ செய்தேன். மகிழ்ச்சி வரும் என்று வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்தேன். அசதிதான் வந்தது. ஒரு வருடம் நான்கு மாதம் இந்தப் பக்கத்துக்காகவா என்று யாரையாவது கேட்க வேண்டும் போல இருந்தது. யாரைக் கேட்பது?

பேருந்தில் ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்து, முதுகுக்கு என் துண்டை மடித்து வைத்தேன். கடலூர் தாண்டும்போது தூங்கிவிட்டாள். முன் இருக்கையில் ஒருவர் விரித்து வைத்திருந்த செய்தித்தாளில் ஏதோ புதிய விதி என்று பெரிய எழுத்தில் இருந்தது. எதைப் பற்றி என்று எட்டிப் பார்க்கக் கழுத்து நீண்டது. பார்க்காமல் திரும்பிக்கொள்ள நிஜமாகவே முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

பேருந்து ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் அவள் விழித்துக்கொண்டாள்.

"ஊரு வந்துடுச்சாங்க?"

"இன்னும் சிதம்பரமே வரலை. தூங்கு."

"பசிக்குது," என்றாள்.