கணவாயில் மூன்றாவது ஆள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் முகத்துக்கு நேரே மட்டும் சிரிக்காதீர்கள். போன வாரம் மதுக்கடையில் ஒருத்தன் சிரித்தான். அவன் கோப்பையைப் பிடுங்கி அவன் மடியிலேயே கவிழ்த்தேன். நடந்தது எனக்கு. கண்ணால் பார்த்தவள் நான்.

எங்கள் வீடு ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கில். ஆடுகள் கோடையில் மேய்வதோ பனிமலைக்கு அந்தப் பக்கம். ஜூனில் ஓட்டிப் போவோம், செப்டம்பரில் திரும்புவோம். எத்தனையோ தலைமுறையாக அதே தடம். ஒரு போர் முடிந்ததும் எவர் எவரோ மேசையில் உட்கார்ந்து கோடு கிழித்தார்கள். எங்கள் டிரோல் சீமை இரண்டாயிற்று. வீடு இத்தாலிக்கு, புல் ஆஸ்திரியாவுக்கு! நினைத்தாலே வயிறு எரியும்.

அந்தச் செப்டம்பரில் என் கணவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நானும் அவர் தம்பி கசியனும்தான் ஓட்டி வந்தோம். நான் முன்னால், அவன் மந்தைக்குப் பின்னால்.

கணவாய் உச்சி. நடுப்பகல். திடீரென்று மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

முதலில் மணிகள் நின்றன. ஆடுகள் நடந்துகொண்டுதான் இருந்தன. கழுத்து மணிகள் ஆடின. சத்தம் மட்டும் இல்லை...

எல்லைக் கல்லருகே ஒருவன் நின்றான். சாம்பல் பச்சையில் நீளக் கோட்டு. தோளில் துப்பாக்கி.

“நில்லு. வழி மூடியாச்சு.” இத்தாலிய மொழியில் சொன்னான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கே எல்லைக் காவலை எடுத்தே பல வருடமாகிறது.

“மூட இது என்ன உங்கப்பன் வீட்டுக் கதவா?”

“எத்தனை பேரு?”

“கண்ணு அவிஞ்சா போச்சு? ரெண்டு பேரு.”

“மூணு.”

பின்னாலிருந்து கசியன் கத்தினான். “ரொமேனா அண்ணி, யாருகூடச் சண்டை?”

“எவனோ வேஷம் கட்டிக்கிட்டு வழிய மறிக்கிறான்டா!”

என் வாயிலிருந்து ஆவி பறந்தது. அவன் வாயிலிருந்து... இல்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். உதடு நடுங்கியது.

“அந்த மூணாவது ஆளு... உங்க ஆளா?”

நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். கோபம் விடவில்லை.

“ஆமாய்யா! மூணு பேரும் எங்க ஆளுங்கதான்! எங்க வீட்டுக்குத்தான் போறோம். விலகு!”

அவன் விலகினான்.

திரும்பி நடந்தான்.

படார்...

என் காதருகே துப்பாக்கி வெடித்த சத்தம்.

அவன் இல்லை.

எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் அடித்தன.

கசியன் ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணி... அவரு எங்க?”

“எவரு?”

“பனி இறங்குறதுக்கு முந்தியே உங்க பின்னாடி வந்தாரே, தொப்பிக்காரரு... உங்க தோள்ல கை வெச்சுக்கிட்டு. தெரிஞ்சவருன்னுல்ல நெனச்சேன்!”

அடுத்த ஜூலையில் வெயில் கொளுத்தியது. பனியாறு உருகி, எல்லைக் கல்லுக்குக் கீழே ஒரு உடல் வெளியே வந்தது. அந்தக் காலத்துக் காவலன். நான் போய்ப் பார்த்தேன். அதே கோட்டு.

மீட்புக்குழுக்காரர் தலையை ஆட்டினார். “இவன் துப்பாக்கி வெடிக்கவே இல்லைம்மா. பின்கழுத்துல ஒரே குண்டு. ஒட்டி நின்னு சுட்டிருக்கானுங்க.”

எனக்கு இன்றும் அந்தக் காவலன் மேல்தான் ஆத்திரம். மூன்றாவது ஆள் யாரென்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அந்தக் காவலன் காணாமல் போன அதே நாளில் எங்கள் பள்ளத்தாக்குக்காரன் ஒருவனும் காணாமல் போனானாம். சரக்குக் கடத்துகிறவன். மலைக்குப் போனவன் எண்பது வருடமாக ஊர் திரும்பவே இல்லை.

நான் கூட்டி வரும் வரை.