மூன்றாவது திருத்தமும் முன்னறைச் செற்றியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிரித்தானியாவின் ஸ்ட்ரெதமில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறை எங்கள் கையில் இல்லை. இரண்டு கிழமை என்று சொல்லி வந்த கணவரின் ஊர்க்காரர் ஒருவர், ஆறு மாதமாக அங்கிருந்த நீள் சோபாவில், எங்கள் செற்றியிலேயே குடியிருந்தார். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்பார்கள். அண்ணை பாய் கேட்கவில்லை, தொலைக்காட்சியில் ஸ்னூக்கர் கேட்டார்.

எனக்கோ சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை வகுப்பில் பிரித்தானிய அரசியல் பாடத்துக்கு இடம் நிரம்பிவிட்டதால் அமெரிக்க அரசாங்கம் படிக்கச் சேர்ந்திருந்தேன். சித்தியடைந்தால் பல்கலைக்கழகம் போகலாம், தவறினால் கடைக் கல்லாதான். மாடிப்படியில் குந்தியிருந்து, ஜனாதிபதியை செனற் சபை எப்படி மடக்கும் என்று பாடமாக்குவேன். முன்னறையில் ஸ்னூக்கர் பந்துகள் மோதும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் அமெரிக்க அரசியல் யாப்பின் முதல் பத்துத் திருத்தங்களைப் பார்த்தோம். பேச்சுச் சுதந்திரத்தை ஆற அமர விளக்கிய ஆசிரியை, மூன்றாவது திருத்தம் இன்று யாருக்கும் தேவைப்படாதது என்று தாண்டிப் போனார். வகுப்பு சிரித்தது. எனக்கு அது எங்கள் முன்னறைக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் புட்டு வைத்தபடியே, அண்ணையின் காதில் விழும்படி கணவரிடம் சொன்னேன்.

"சமாதான காலத்தில, வீட்டுக்காரரின்ர சம்மதம் இல்லாமல் படையாள் ஒருத்தரையும் வீட்டில தங்கவைக்க ஏலாதாம். அமெரிக்காவில அப்பிடிச் சட்டம்."

கணவருக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அண்ணைக்குக் குத்தல் விளங்கவில்லை, ஆனால் பிசைந்த கை நின்றுவிட்டது.

"கேக்கோணும் எண்டு எழுதியே வச்சிருக்கிறாங்களோ, தங்கச்சி? ஊரில என்ர வீட்டில இப்ப ஆமி இருக்கு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பச் சொல்லும்படி அவர் கேட்டார். அந்தத் திருத்தத்தை மறுபடி சொன்னேன், இம்முறை குத்தல் இல்லாமல்.

மறுநாளிலிருந்து தொலைக்காட்சியைப் போடுமுன் மாடிப்படிக்கு வந்து, "வீட்டுக்காரி, சம்மதமோ?" என்று கேட்கத் தொடங்கினார். நான் இல்லை என்று சொன்னால் சிரித்துக்கொண்டே பேப்பரோடு படியில் உட்கார்ந்துவிடுவார். முன்னறை எனக்குக் கிடைக்கும்.

அந்தப் பத்துத் திருத்தங்களில் எது இன்று பயனற்றது என்று சோதனையில் ஒரு கேள்வி வந்தது. மூன்றாவதைப் பயனற்றது என்று சொல்ல முடியாது என்று இரண்டு பக்கம் எழுதினேன். சித்தியடைந்தேன்.

பிறகு அண்ணை ஊரிலிருந்து குடும்பத்தைக் கூப்பிட்டு ரெய்னர்ஸ் லேனில் வீடு எடுத்தார். முதல் தடவை போனபோது அவரே கதவைத் திறந்தார். கணவர் உள்ளே நுழைந்துவிட்டார். நான் வாசலில் நின்று, "சம்மதமோ, அண்ணை?" என்றேன்.

பெரிதாகச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம். என்னைக் கேட்ட ஆள் நீர் ஒருத்திதான். உள்ள வாரும்."