பேச்சில்லாத காட்சிகள்

அண்மையில் என்ன படம் பார்த்தீர்கள், எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், என் கருத்தைச் சொல்வதற்கு முன்பே அண்ணனின் கருத்தைச் சொல்லிவிடுவது என் வழக்கமாக இருந்தது. கண் தெரியாதவர் படத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்று நினைப்பவர்கள், அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு படமாவது பார்த்திருக்க வேண்டும். பிறை என்ற ஊரின் தொழிற்பேட்டையில், தகடு அழுத்தும் எந்திரத்தின் முன் முப்பது ஆண்டுகள் நின்றவர் அவர். அண்ணி இறந்து, நீரிழிவால் பார்வையும் போன பிறகு, டத்தோ கிராமாட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை, மணமாகாதவள். அண்ணன் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் வீட்டில் ஒரு சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் தொழிற்சாலைக்குள் புகுந்து இருபது பேரை அடித்து வீழ்த்தினான். எனக்குச் சலிப்பு வந்தது. அண்ணனுக்குக் கோபம் வந்தது.

"என்னா மிசின் இது? பிரஸ் மிசின் இப்படியா கத்தும்? தகர டப்பாவத் தட்டி எடுத்திருக்கானுங்க லா."

"அடிதடி எப்படிண்ணே?"

"எல்லா அடியும் ஒரே சத்தம். ஒருத்தனுக்குக்கூட எலும்பே கெடையாது போல."

ஒளிப்பதிவுக்காக நான் பெரிதும் பாராட்டிய ஒரு காதல் படத்தை, ஒரே வரியில் தள்ளிவிட்டார். "அந்தப் பொண்ணு அம்மாம் நேரம் அழுவுது, மூக்கே அடைக்கல."

திரையரங்கில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பின்வரிசையின் ஓரத்தில் உட்காருவோம். திரையில் பேச்சு நடக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். பேச்சு நின்றதும் அவருடைய இடக்காதுப் பக்கம் குனிந்து, திரையில் தெரிவதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். இவ்வூர்த் திரையரங்குகளில் இடைவேளை விடுவதில்லை. அச்சொல் மட்டும் திரையில் தோன்றி மறையும், படம் நிற்காமல் ஓடும். அதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

"இடைவேளைண்ணே."

"விடுறானா?"

"இல்ல, ஓடுது."

"அப்புறம் எதுக்குப் போடுறான்? நம்மள வெறுப்பேத்தவா?"

அவருடைய வலக்காலைப் பற்றியும் நான்தான் அவருக்குச் சொல்லிவந்தேன். பாதத்தில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சியும் இல்லை. நாள்தோறும் காலையில் கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைப்பேன். "இன்னிக்கு என்னா கலர்?" என்று கேட்பார். சிவப்பு என்றால் சிவப்பு, மஞ்சள் என்றால் மஞ்சள். பெருவிரலருகே கறுப்பு கண்ட அன்றும் கறுப்பு என்றே சொன்னேன். மருத்துவர் பார்த்துவிட்டு, அழுகல் மேலே ஏறுவதற்குள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். அண்ணன் கையொப்பமிட மறுத்தார்.

"டாக்டருங்களுக்கு பொத்தோங் ஒண்ணுதான் தெரியும். எடுத்ததும் வெட்டு. வெட்டுனவன்ல எவன் நிமிந்து நின்னான், சொல்லு."

நான் எத்தனை சொல்லியும் அசையவில்லை. அந்த வாரக் கடைசியில், ஆலைத் தொழிலாளி ஒருவனைப் பற்றிய படம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கதை என்னவென்று விசாரிக்காமல் அழைத்துப் போனேன்.

அது நல்ல படம் என்பதை இன்றும் நான் மறுக்க மாட்டேன். எந்திரத்தில் சிக்கி அந்தத் தொழிலாளியின் கால் போய்விடுகிறது. அதன் பிறகு படத்தில் பேச்சே இல்லை, இசை மட்டும். அவன் கட்டிலில் கிடக்கிறான். மனைவி முகம் கொடுக்காமல் வேலைக்குப் போகிறாள். ஒரு மதியவேளையில் அவன் தரையில் தவழ்ந்து, கொல்லைப்புறக் கிணற்றை நோக்கிப் போகிறான்.

"என்னா நடக்குது?" என்றார் அண்ணன்.

"கட்டக்கால் மாட்டிக்கிட்டான்," என்றேன்.

"நடக்குறானா?"

"கம்பு ஊனிக்கிட்டு வாசவரைக்கும் வந்துட்டான்."

அந்நேரம் அவன் கிணற்றுச் சுவரைப் பற்றி ஏறிக்கொண்டிருந்தான். பிறகு கிணறு மட்டும் இருந்தது. முன்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

"ஏன் அழுவுறாங்க?"

"சந்தோசத்துலதாண்ணே. நிக்கிறான்."

"கம்பு இல்லாமயா?"

"கம்பு இல்லாம."

காரில் அண்ணனுடன் வீடு திரும்பினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சரி லா. வெட்டச் சொல்லு," என்றார். அறுவைச் சிகிச்சைக்கு வியாழக்கிழமை குறித்தார்கள்.

புதன்கிழமை மாலையில், அவருடன் அதே எந்திரத்தில் வேலை செய்த நண்பர் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு பப்பாளிப் பழத்துடன் பார்க்க வந்தார். நான் அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். இருவர் குரலும் தெளிவாகக் கேட்டன.

"என்னாய்யா, நாளைக்கு பொத்தோங்காமே?"

"ஆமா. கட்டக்கால் போட்டு ஒன்னத்தான் மொதல்ல தொரத்தப் போறேன்."

"தொரத்து, தொரத்து. ஓடுறதுக்கு எனக்கு முட்டி எங்க இருக்கு?"

"அந்த மில்லுக்காரன் படம் பாத்தியா? அவன் மாதிரி நின்னு காட்டுறேன் பாரு."

"எவன்? கெணத்துல விழுந்து செத்தானே, அவனா?"

தேநீர்த் தட்டுடன் நான் அடுப்படி வாசலில் நின்றேன். நண்பர் என் முகத்தைப் பார்த்தார். "வேற படமா இருக்கும்யா. நான் பாதியில தூங்கிட்டேன்," என்று அவசரமாகச் சொன்னார். யாரும் அதை நம்பவில்லை.

"டீச்சர்," என்றார் அண்ணன், என் குரல் வழக்கமாக வரும் பக்கம் திரும்பி. "நிக்கிறான்னு சொன்ன."

தேநீர்த் தட்டை அவர்களுக்கு நடுவே வைத்தேன்.

வியாழக்கிழமை அவர் மருத்துவமனைக்குப் புறப்படவில்லை. காலையில் கட்டைப் பிரித்தபோது நிறம் என்னவென்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"கறுப்பு கணுக்காலத் தாண்டிடுச்சிண்ணே."

"நீ சொல்ற."

நான் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, மருத்துவர் தொலைபேசியில் அண்ணனிடம் அதையே சொன்னார். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று அண்ணன் தீர்மானமாக இருந்தார். வேறு வழியின்றி, நண்பரை மீண்டும் வரவழைத்துக் காலைக் காட்டினேன். அவர் கண் கலங்க எல்லாவற்றையும் விவரித்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "நீ பாதியில தூங்குறவன்தானே."

அந்த வியாழனிலிருந்து ஆறாம் நாள் காலையில், நான் கட்டைப் பிரிக்கும் முன்பே அவர் மூக்கைச் சுளித்தார். இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு மிகத் தணிந்த குரலில், "இதுக்கு நீ கதை சொல்ல வேணாம். கெளம்பு," என்றார்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். முழங்கால் மிஞ்சியிருந்தால் செயற்கைக் காலுடன் நடக்கப் பழக்கியிருக்கலாம் என்றும், இனி, அதுவும் பார்வையில்லாதவருக்கு, நடப்பது நடவாத காரியம் என்றும் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அதை அண்ணனிடம் அவரே நேரில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னார். 

இப்போது அண்ணன் திரையரங்குக்குப் போவதில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வீட்டிலேயே படம் பார்க்கிறார். பேச்சு நின்றால் முன்போலவே குனிந்து சொல்கிறேன். அவர் மறுப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தில், முடிவுக்குச் சற்று முன், ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். பேருந்து வந்து நிற்கிறது. அவள் ஏறவில்லை. சற்று நீளமான காட்சிதான். ஆனால் இயக்குநர் அதை வெட்டாமல் விட்டது சரி என்றே எனக்குத் தோன்றியது.

"பஸ் வந்துச்சிண்ணே. அவ ஏறல," என்றேன்.

"ஏறலையா?"

"ஏறல."

அவர் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்தார். விரலால் பொத்தான்களைத் தடவி எண்ணி, படத்தைப் பின்னுக்குத் தள்ளினார். பேருந்து மீண்டும் வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். கதவு திறந்தது, காலடி ஓசை எதுவும் இல்லை, கதவு மூடியது, பேருந்து போயிற்று. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, அடுத்த காட்சிக்காகக் காத்திருந்தார்.