கெட்டி மேளம் கொட்டாத கல்யாணம்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, முகூர்த்த நாள் என்பதால் கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை. ஊரை ஒட்டிய ஒரு கல்லூரியில் கலையரங்கத்தை வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். "ஞாயித்துக்கிழமை காலேஜ் லீவுதானுங்களே?" என்று மட்டும் கேட்டேன். ஆபீஸில் தலையாட்டினார்கள். முன்பணம் கட்டிவிட்டு நிம்மதியாக எங்கள் ஊர் மணலூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மேளத்த நிறுத்துங்க சார்! எதிர் பில்டிங்ல கவர்மென்ட் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கினு இருக்காங்க."

சம்பந்தியம்மா முகம் சிவந்து போனது. "இன்னாங்க இது? எனக்கு இருக்கறது ஒரே புள்ள. மேளம் கொட்டாமயா தாலி கட்டுவாங்க?" அவரையும் குறை சொல்ல முடியாது.

மணவறையில் இருந்த மகள்தான் தலை நிமிர்ந்தாள். "வாணாம் அத்த. போன வருசம் நானும் இந்தப் பரீட்சைய எழுதனேன். வெளிய கல்யாண வூட்டு ஸ்பீக்கர் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே ஓடல."

சம்பந்தியம்மா அவளையே பார்த்தார். பிறகு அவரே மேளக்காரர்களைக் கையமர்த்தினார். தாலி ஏறும்போது ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

இப்போது யார் ஹால் பிடிக்கப் போனாலும், அன்றைக்கு அந்த வளாகத்தில் வேறென்ன நடக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.

போன மாதம் மகள் மறுபடியும் பரீட்சை எழுதினாள். கூடப் போன சம்பந்தியம்மா, அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அக்கம்பக்கத்தில் எங்காவது வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறதா என்று தெருத்தெருவாகப் பார்த்துவிட்டு வந்தாராம்.