லாரிக்காரனுக்காக வைத்த சத்தம்

திருத்தங்கலில் என் வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். நாலு கண்ணாடி வைத்த நூறு சிசி வண்டி எங்கள் பக்கம் வேறு யாரிடமும் இல்லை. கைப்பிடியில் இரண்டு பக்கமும் இருக்கிற கண்ணாடி போதாதென்று அதற்கு மேலே சின்னதாக இன்னும் இரண்டு. பெரிய கண்ணாடிக்குத் தெரியாத மூலை ஒன்று உண்டு, அந்த மூலையில்தான் பஸ் வரும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்று சாயங்காலமே மாட்டியது. முன்னால் கால்களுக்குக் கம்பி, பின்னால் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க வலை, இரண்டு ஹாரன், பின்பக்கம் முழுக்க வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர். எங்கள் தெருப் பையன்கள் ஊர் பார்க்க வேண்டுமென்று வண்டியை மாற்றுவார்கள். நானும் அதே ஒர்க்‌ஷாப்பில், அதே மெக்கானிக்கிடம்தான் மாற்றினேன். எல்லாம் பயத்துக்காகச் செய்தது.

“அண்ணாச்சி, மேல ஒரு சுத்துற லைட்டு மட்டுந்தான் பாக்கி. அதையும் வச்சுட்டா ஆம்புலன்ஸுன்னு நெனச்சு எல்லாரும் வழி விட்ருவாக,” என்பான் மெக்கானிக்.

கேலி செய்கிறான் என்று தெரியும். இருந்தாலும், அப்படி வைத்தால் போலீஸ் பிடிப்பார்களா என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன்.

நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் காரணம் என்று வெளியில் சொல்வேன். கஷ்டம் இருந்தது பொய்யில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே கணக்கு வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார் என்று சொன்னார்கள். அந்தக் கோடை விடுமுறை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அச்சாபீசில் சேர்த்துவிட்ட பிறகுதான் தூக்கம் வந்தது. இன்றைக்கும் அச்சாபீஸ்தான், காலண்டர் பைண்டிங். தாள் வெட்டும் மிஷின் பக்கம் போகச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன்.

என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற ரூமில் வேலை பார்க்கிறாள். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வெடிமருந்துக்கு நடுவில் அவளும், பசைக்கும் தாளுக்கும் நடுவில் நானுமாகத்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

போன வருஷம் பக்கத்துக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்துப் போய்விட்டது. அந்தச் சத்தத்தில் ஓடிவந்து ரோட்டில் நின்றவள், அதன் பிறகு பல மாதம் வேலைக்குப் போகவில்லை. குக்கர் விசில் அடித்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நான் அவளைத் தேற்றினேன் என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே இரு, வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவளுக்கு வீடு ஒத்துவரவில்லை.

“இங்கன ஒத்தையில ஒக்காந்து சொவத்தப் பாத்துக்கிட்டே இருந்தாத்தாங்க பயம் கூடுது. அங்கன நாலு பேரு பேச்சுல இருந்தா மறந்துபோகும்,” என்றாள் ஒருநாள்.

அடுத்த நாள் தானாகவே டிபன் கட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் தடவை ரூம் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். அதற்கடுத்த தடவை மத்தியானம்வரை இருந்தாள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிற மாதிரி இறங்கி, முழு நாளும் வேலை செய்யத் தேறிவிட்டாள். அப்படித் தேறிய வாரத்தில்தான் நான் சைலன்சரை மாற்றினேன்.

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதைப் பற்றவைத்தே ஓட்டியிருக்கலாம். அதற்கு முந்தின வாரம் விருதுநகர் ரோட்டில் ஒரு லாரி என்னை ஓரத்து முள்ளுக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் மனதுக்குள் அந்த லாரி தினமும் வந்து இடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் சொன்னேன்.

“ஒங்க வண்டி வாரது அவனுக்குக் கேட்டாத்தான அண்ணாச்சி ஒதுங்குவான்? பூனை மாதிரி வாரீக,” என்றான். மூலையில் கிடந்த ஒரு சைலன்சரை எடுத்துக் காட்டினான். யாரோ ஒரு பையன், போலீஸ் பிடித்ததும் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. “இத மாட்டுனா அடுத்த தெருவுலயே நீங்க வாரது தெரிஞ்சுபோகும். ஆக்சிலேட்டர விட்டா லேசாப் பொரியும். மத்தபடி ஒண்ணுஞ் செய்யாது.”

போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டால் ஒளிகிறவன் நான். அன்று லாரி பயம் அதை மிஞ்சிவிட்டது. மாட்டச் சொன்னேன்.

மாட்டிக்கொண்டு சிவகாசி கடைத்தெரு வழியாக வந்தேன். கூட்டம் தானாக விலகியது. ஒரு லோடு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து ஓரம் கட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற காலேஜ் பையன்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவை என்னைப் பார்த்து யாரோ ஒதுங்கினார்கள். ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு குறுகிப்போகிறது.

அந்தச் சிரிப்போடுதான் அவளைக் கூட்டி வரக் கம்பெனிக்குப் போனேன். வேலை விடுகிற நேரம் நெருங்கியிருந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. தார் ரோட்டிலிருந்து மண் பாதை பிரிகிற இடத்திலேயே வண்டியை அணைத்துவிட்டு, கேட் வரை உருட்டிக்கொண்டு போவார்கள். ஆள் ஏற்றும் வேன் மட்டும்தான் உள்ளே போகும், அதன் புகைக்குழாய்க்குப் பொறி பறக்காமலிருக்க வலை போட்டிருக்கும். போர்டு எதுவும் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை முறுக்கில் வருகிறவன்கூட அந்த முனையில் இறங்கிவிடுவான். நானோ எப்போதும் அதற்கும் முன்னாலேயே இறங்குகிறவன்.

அன்றைக்கும் முனை தெரிந்ததும் ஆக்சிலேட்டரை விட்டேன். சைலன்சர் பொரிந்தது. கடைத்தெரு இரைச்சலில் கடுகு வெடிப்பது போல இருந்த சத்தம், இங்கே வெறுங்காட்டில் படபடவென்று கேட்டது. அதை நிறுத்தினால் போதுமென்று இருந்தது. வண்டி கியரில் இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை அணைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. நடுரோட்டில் நின்றுவிடுவோமே, மேலே ஏற்றிவிடுவானே என்று சாவியை மறுபடி போட்டேன்.

டமார்.

வண்டியிலிருந்து வந்த சத்தம் என்றே எனக்கு முதலில் தோன்றவில்லை. நானும் கம்பெனிப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தேன்.

ரூம்களின் கதவுகள் எல்லாப் பக்கமும் திறந்துகொண்டன. சத்தம் கேட்டால் எதையும் எடுக்காதே, யாரையும் தேடாதே, ஓடு என்று அவர்களுக்குச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். செருப்பெல்லாம் ரூமுக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும், ஓடும்போது யார் அதைப் பார்ப்பது? வெறுங்காலோடு சீமைக்கருவேல முள்ளுக்குள் பெண்கள் ஓடினார்கள். ஒருத்தி விழுந்து எழுந்தாள். ஒருத்தி யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனாள். போர்மேன் வெளியே வந்து, “எந்த ரூமுலே? ஏலே, எந்த ரூமு?” என்று அலறினார். எல்லோரும் வானத்தில் புகையைத் தேடினார்கள். புகை என் வண்டிக்குப் பின்னால் கொஞ்சமாக நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் என் மனைவியைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு ஓடினாள், சத்தம் வரவில்லை. அவளைப் பார்த்த கணத்தில், இந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று புரிந்துபோன பிறகும், என் மனதில் வந்த முதல் நினைப்பு இதுதான்: அப்பாடா, இனி இவள் வேலைக்கு வர மாட்டாள்.

என் கையை மீறி நடந்த தப்பை யாரிடமும் சொல்லிவிடலாம். இந்த நினைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வேன் டிரைவர் இறங்கி வந்து என் சைலன்சரைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்துக் கத்தினார். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! வண்டிதான்! நம்ம பைண்டிங் அண்ணாச்சி வண்டி!”

போர்மேன் வந்தார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்களா? வேற எவனாவது பண்ணியிருந்தா இந்நேரம் பல்லப் பேத்திருப்பேன். ஒங்களப் போயி என்னத்தச் சொல்ல?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

உயிர் திரும்பியதும் பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கங்கே தரையில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே ஆரம்பித்தார்கள்.

“ஏன்ணே, இவ வேலைக்குப் போகக் கூடாதுன்னா வீட்டுல வச்சுச் சொல்ல மாட்டீகளா? இதுக்குன்னு வெடி போட்டுக்கிட்டா வருவீக?”

“ஏடி, நாமெல்லாம் வருசம் பூரா மருந்து கிண்டுறோம், ஒரு சத்தம் கேக்கல. இவரு வெறுங்கையோட வந்து எம்புட்டுச் சத்தம் போட்டுட்டாரு பாரு!”

“ஒம் மாப்பிள்ளைக்கு நம்ம கம்பெனியிலயே ஒரு வேல போட்டுக் குடுக்கச் சொல்லுடி!”

அவர்களில் மூத்தவர் ஒருவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முள் ஆழமாக ஏறி முறிந்திருந்தது. எடுத்துவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தொடாதீக தம்பி. எங் காலவிட ஒங்க கையில்ல நடுங்குது,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் மனைவி ரொம்ப தூரம் ஓடியிருந்தாள். ஓடை தாண்டிப் போனவளை ஒருத்தி போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. ஒர்க்‌ஷாப் வரை தள்ளிக்கொண்டே போனேன். மெக்கானிக் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஓடுற வண்டியில சாவிய அணைச்சுப் போட்டா வெடிக்கத்தான செய்யும் அண்ணாச்சி? நம்ம பயலுக அதப் பழகுறதுக்கே அம்புட்டுப் பாடுபடுறானுக. நீங்க மொத நாளே அடிச்சிட்டீக.” நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான். பழைய சைலன்சரையே பற்றவைத்து மாட்டிக் கொடுத்தான்.

வீட்டில் அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்.

“தெரியாமத்தான் பண்ணுனீகளா?”

“சத்தியமாத் தெரியாது. லாரிக்காரனுக்குக் கேக்கணும்னு மாட்டுனேன்.”

அது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். டிபன் மூடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கிளம்பி நிற்கிறாள். முகம் வெளுத்திருந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மண் பாதை முனைக்கு வெகு முன்னாலேயே, தார் ரோட்டிலேயே, வண்டியை அணைத்து இறங்கித் தள்ளினேன். அவள் முன்னால் நடந்தாள். தாண்டிப் போன வேனிலிருந்து ஒரு குரல், “அண்ணே, வண்டிக்குக் காச்சலா? தோள்ல போட்டுத் தட்டிக் குடுங்க!” என்றது. வேன் முழுக்கச் சிரிப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டாள். எனக்கு வந்த கேலியை அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

“இந்தா, கொஞ்சம் நில்லு,” என்றேன். நின்றாள். “நேத்து நீ ஓடி வந்தேல்ல, அப்ப எனக்கு, எப்படிச் சொல்ல, இனிமே நீ போக மாட்டேன்னு நிம்மதியா இருந்துச்சு. வேணும்னு பண்ணல. ஆனா நிம்மதியா இருந்துச்சு.”

“தெரியும்,” என்றாள். “ஒங்க மூஞ்சியப் பாத்தேன்ல. எல்லாரும் முள்ளோட நிக்கோம், நீங்க மட்டும் சாமி கண்ணத் தெறந்த மாதிரி நின்னீக.”

வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சாயங்காலம் வராதீக. வேன்ல வந்துக்கிறேன்,” என்றாள்.

கேட்டில் வாட்ச்மேனிடம் போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனாள். நான் வெளியே நின்று பார்த்தேன். ரூம் வாசலில் செருப்பைக் கழற்றியவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. அப்போது நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பி வந்திருப்பாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். குரல் தொண்டைவரை வந்தது. முதல்முறையாக என் பயத்தை நான் விழுங்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் கேட்டில் நின்ற வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த வெட்கத்தில்தான் கத்தவில்லை.

அவள் உள்ளே காலை வைத்தாள்.

அன்றிலிருந்து வேனில்தான் போய் வருகிறாள். காலில் முள் ஏறிய அந்த மூத்த அம்மா பக்கத்தில்தான் இவளுக்கு இடம் என்று கேள்விப்பட்டேன். உன் வீட்டுக்காரி ஏன் இப்போதெல்லாம் உன் வண்டியில் வருவதில்லை என்று அச்சாபீசில் கேட்டால், வேன் சௌகரியமாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டு, காலண்டரை அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.