கழுதைக்கு நாடி பார்த்தது

செத்த கழுதையின் சிறுநீரகத்துக்கு ரத்தம் எந்த வழியாகப் போயிற்று என்று பார்ப்பதே தொழில் என்றால், வீட்டுக்குக் காபி குடிக்க ஒருவரும் வரமாட்டார்கள். பிணத்தோடு பிழைக்கும் உடற்கூற்றியல்காரர்களான நம்மவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

சிவப்புச் செடி

வெளிநாட்டுக் கல்லூரி வேலையை விட்டு ஏற்காடு திரும்பியதும், பக்கத்து வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு கொட்டகை பிடித்தேன். தமனிக்குள் சிவப்புப் பிசினை ஏற்றி இறுகவிட்டு, சதையை அமிலத்தில் கரைத்துவிடுவேன். ரத்தம் ஓடிய வடிவம் மட்டும் சிவப்பு வார்ப்பாக மிஞ்சும். முதலில் கிடைத்தது, அதே ஊரில் கழுதை வைத்து மூட்டை ஏற்றிப் பிழைத்த பழனியம்மாளின் கழுதை ராசா. ஜீப் ஏறாத தோட்டங்களிலிருந்து மிளகு மூட்டை சுமந்தது, பள்ளத்தில் விழுந்து செத்தது. அவருக்கு மிச்சம் பவுனு என்ற பெட்டைதான்; அதுவும் போனால் பிழைப்பில்லை.

ஜன்னலோரம் தொங்கிய வார்ப்பை, இலை உதிர்ந்த காபிச் செடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஏனுங்க சார், சாகற வரைக்கும் இது உள்ளாறயே வளந்துட்டு இருந்துச்சுங்களா?"

நாடி

மழை மாதத்தில் பவுனு படுத்துவிட்டது. மலை முழுக்கப் பனிமூட்டம், பஸ் இல்லை. "நாடியைப் பிடிச்சுப் பாருங்க, நடந்தே வர்றேன்" என்று போனில் சொன்னேன். ஆங்கிலத்தில் துடிப்புக்கும் மோவாய்க்கும் தனித்தனிச் சொல். நமக்கு இரண்டும் நாடி. அவர் மோவாயைப் பிடித்தார். கழுதைக்குத் தாடையோரம்தான் துடிப்பு பார்ப்போம் என்பதால் இடம் தப்பவில்லை. "துடிக்குதுங்க சார், துடிக்குதுங்க." வழியெல்லாம் போனில் அதே குரல்.

போய்த் தொட்டேன். காது சில்லிட்டிருந்தது, தாடை விறைத்தே விட்டது. பழனியம்மாளின் கட்டைவிரல் மட்டும் அங்கே அழுந்தியிருந்தது. கட்டைவிரலுக்கென்று சொந்தத் துடிப்பு உண்டு என்று மெதுவாகச் சொன்னேன். விரலை எடுக்காமலே கேட்டார்: "அப்ப இம்புட்டு நேரம் என்ர உசுருலயாங்க அது இருந்துச்சு?"

இரண்டாவது வார்ப்பு

"இதையும் செடியாக்கிருங்க" என்று அவரே கொடுத்தார். அமிலத்திலிருந்து எடுத்து ராசாவின் வார்ப்புக்குப் பக்கத்தில் மாட்டினேன். இடது சிறுநீரகத்துக்கு வழக்கமாக ஒரு தமனி. இந்த இரண்டிலும் இரண்டிரண்டு. கிளை பிரிந்த இடம்கூட ஒன்றே.

மூட்டையைத் தானே தலையில் சுமந்துபோய் இறக்கிவிட்டு ஒருநாள் வந்தார். இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்டேன். "பவுனு பெத்ததுதானுங்களே ராசா" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. பிறகு பவுனின் சிவப்புத் தண்டில் கட்டைவிரலை வைத்து, வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். "நொம்ப மெதுவாத்தானுங்க சார்... ஆனாத் துடிக்குதுங்க."

அன்றிலிருந்து அந்த வார்ப்பைத் துடைக்கும்போது, படித்த படிப்பின் மேல் முழு நம்பிக்கையோடு, கட்டைவிரலை மட்டும் மடக்கிக்கொள்கிறேன்.