ஓலை வாசிக்கையில் எழுந்தவர்

பழங்காநத்தத்தில் பெனடிக்ட் சார் எதிரே வந்தால் சனம் சந்துக்குள் ஒதுங்கும். கடிநாய்க்குக்கூட அப்படி ஒதுங்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'மீ' வந்தால் போச்சு, ஆளை நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் விடுவார். இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அழுதவரையே திருத்திய புண்ணியவான்.

மகள் டயானாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளுக்கும் அதே பரீட்சைதான். பஜ்ஜி ஆறுவதற்குள் இங்கிலீஷில் நாலு கேள்வி. பேங்கில் வேலை பார்த்த பையன் ஒருவன் 'மீ அண்ட் மை மதர்' என்று வாயைத் திறந்தான். அத்தோடு அந்தச் சம்பந்தம் முறிந்தது.

"எனக்கு மாப்ள பாக்குறீங்களா, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் எடுக்குறீங்களா டாடி?" என்று டயானா கேட்டுப் பார்த்தாள். வயது முப்பதைத் தாண்டியதும் தானே ஒருவனைப் பிடித்தாள். அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஆன்றோ. "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று அவன் முதலிலேயே கும்பிட்டுவிட்டான். கேள்வி கேட்க வழியில்லாமல் சார் சம்மதித்தார்.

கோயிலில் ஓலை வாசிக்கும் ஞாயிறு வந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சபையில் அறிவிப்பதுதான் ஓலை. அதையும் இங்கிலீஷ் பூசையில்தான் வாசிக்க வேண்டும் என்று சார் ஒற்றைக்காலில் நின்றார். ஆன்றோவின் அப்பா ராயப்பன், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், சொந்தபந்தத்தோடு வந்து முன்பெஞ்சை நிரப்பியிருந்தார்.

இளஞ்சாமியார் வாசித்தார். 'ஹிம்' வர வேண்டிய இடத்தில் 'ஹீ' என்றார். சாருக்கு உடம்பெல்லாம் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடை உண்டா என்று கேட்டுச் சாமியார் நிறுத்தியதுதான் தாமதம், விருட்டென்று எழுந்துவிட்டார்.

பெண்ணைப் பெற்றவரே எழுந்து நிற்கிறார்! எந்த இடத்தில் எழுந்தார் என்பது இங்கிலீஷ் தெரியாத ராயப்பனுக்கும் புரிந்தது.

"பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வீட்லயே சொல்லியிருக்கலாம்ல? இம்புட்டுச் சனத்துக்கு முன்னாலயா எங்க மானத்த வாங்குவீக?" ராயப்பன் துண்டை உதறிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். சொந்தபந்தம் மொத்தமும் பின்னால் கிளம்பியது.

"ஐயையோ, தடையெல்லாம் இல்ல சம்மந்தி! ஃபாதர் வாசிச்சதுல ஒரு தப்பு..." சார் அந்த நேரத்திலும் இலக்கணம் சொல்ல ஆரம்பித்தார். எங்கே போய் முட்டிக்கொள்ள!

டயானா ஓடிப்போய் வாசலை மறித்தாள். "மாமா, எங்க டாடிக்கு என் கல்யாணம் காதுல விழலை. ஃபாதரோட இங்கிலீஷ்தான் விழுந்துச்சு. சின்னப்புள்ளையிலிருந்து எனக்கும் இதே கதிதான். நான் அழுதுகிட்டே சொன்னாக்கூட, என்ன சொல்றேன்னு கேட்க மாட்டாரு, எப்படிச் சொல்றேன்னுதான் கேப்பாரு. போயிராதீக மாமா."

ராயப்பன் சாரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வடிந்துவிட்டது. "நீ வாத்தா, எங்ககூட உக்காரு" என்று அவளை முன்பெஞ்சுக்கு அழைத்துப்போனார்.

சாமியார் இந்தத் தடவை தமிழில் கேட்டார். "தடை உண்டா?"

"இல்ல" என்றார் சார். மகள் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றுகொண்டே இருந்தார். அவள் ஆன்றோவின் அம்மாவுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள், திரும்பவில்லை.